போனவன் கதை: மலாயாத் தமிழ் வரலாற்று நாவல்களில் இழந்த காதலும் நினைவும்

மலாயாவின் முதல் தமிழ் நாவல் என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் குறிப்பது, க. வெங்கடரத்தினம் எழுதி 1917இல் வெளிவந்த ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’. தலைப்பிலேயே காதல் இருக்கிறது. அதற்குப் பின் வந்த நூறாண்டில் இந்நாட்டுத் தமிழ் நாவல் தோட்டத்துக்குள் நுழைந்தது, போரைக் கண்டது, அடையாள அட்டைக்காக வரிசையில் நின்றது. எங்கே போனாலும் காதலைக் கூடவே கூட்டிக்கொண்டு போனது. ஆனால், நடந்த வரலாற்றைக் களமாக எடுத்துக்கொண்ட நாவல்களில் அந்தக் காதல் கைகூடுவது அபூர்வம். ஒருவன் போகிறான், ஒருத்தி இருக்கிறாள். போனவன் திரும்புவதில்லை, திரும்பினாலும் அவள் அவனுக்கு இல்லை.

தமிழுக்கு இது புதிய கதையல்ல. பொருள் தேடிப் பிரிவதற்கென்று பாலை என்ற ஒரு திணையையே வைத்திருந்த மொழி இது. ஆனால் அந்தப் பழைய பாலைக்கும் மலாயாப் பாலைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சங்கப் பாடல்களில் பிரிந்து போகிறவன் தலைவன். பெரும்பாலும் பேசுகிறவர்கள் இருந்தவர்கள், அதாவது தலைவியும் தோழியும் செவிலியும். போனவன் காட்டில் என்ன பட்டான் என்பதையும் பெரும்பாலும் அவள் கற்பனையில்தான் நாம் பார்க்கிறோம். மலாயாத் தமிழ் நாவலில் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிட்டது. பேசுகிறவன் போனவன். இருந்தவள் அவன் நினைவில் வரும் ஒரு முகமாகிவிட்டாள். இந்தத் திருப்பம் எப்படி நேர்ந்தது, அதனால் நம் வரலாற்று நாவல் எதைப் பெற்றது, எதை இழந்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பெக்கோக்கிலிருந்து பார்த்தால்

இந்தப் பார்வைக்குப் பெக்கோக்கை நிலைக்களமாக வைத்துக்கொள்கிறேன். ஜொகூரின் செகாமட் மாவட்டத்தில், லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையில் இருக்கும் சிறிய ரயில் ஊர் இது. கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரைக்கும் 1909இல் முடிந்த ரயில் பாதைதான் இந்தப் பக்கத்துக் காட்டைத் திறந்துவிட்டது. பாதையை ஒட்டிக் கித்தா (ரப்பர்) தோட்டங்கள் வந்தன. தோட்டங்களுக்குப் பின்னால் தமிழர்கள் வந்தார்கள். எல்டிரெட் போன்ற தோட்டப் பெயர்கள் ஊரைச் சுற்றி இன்றும் புழங்குகின்றன. கித்தா நின்ற இடங்களில் இப்போது செம்பனை நிற்கிறது. ஊருக்குக் கிழக்கே எண்டாவ்-ரொம்பின் காடு. அதன் செலாய் வாயிலுக்குப் போகிறவர்கள் பெக்கோக் வழியாகத்தான் போகிறார்கள். வழியில் ஜக்கூன் பழங்குடியினரின் கிராமங்கள்.

நாவல்கள் நிறைய எழுதப்பட்ட ஊர் என்பதற்காகப் பெக்கோக்கைத் தேர்ந்தெடுக்கவில்லை. மலேசியத் தமிழ் நாவலின் நிலவரைபடத்தில் கெடாவும் பினாங்கும் சிலாங்கூரும் அழுத்தமாக விழுந்திருக்கின்றன. ஜொகூரின் இந்த ரயில் ஊர்கள் அவ்வளவாக விழவில்லை. சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான், ம. நவீன், கே. பாலமுருகன் என்று கெடா மண்ணோடு சேர்த்துச் சொல்லக்கூடிய பெயர்களே நான்கு உடனே நினைவுக்கு வருகின்றன. அ. ரெங்கசாமி சிலாங்கூரின் லங்காட் கரையை எழுதினார். ஆனால் இந்நாவல்கள் பேசும் பிரிவுகள் எல்லாம் பெக்கோக் போன்ற ஊர்களிலும் நடந்தவை. கப்பலில் வந்தவனும், சயாமுக்கு ஏற்றப்பட்டவனும், பட்டாளத்தில் சேர்ந்தவனும், சிவப்பு அட்டையோடு ஊர் திரும்பியவனும் இந்தத் தண்டவாளத்தைத்தான் மிதித்தார்கள். எழுதப்படாத ஊரிலிருந்து பார்க்கும்போது, எழுதப்பட்டவற்றில் எது விடுபட்டது என்பது சட்டென்று தெரிகிறது.

கப்பலும் பேரேடும்

முதல் பிரிவு கப்பல். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறை மேலோங்கியது. கங்காணி தன் ஊருக்கே போய் ஆள் பிடித்து வந்தான். நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கை அடைந்து, ஜெரஜா தீவில் தொற்றுத்தடுப்புக் காவலில் கிடந்து, பிறகு தோட்டம். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தை நிறுத்தும்வரை இந்த ஓட்டம் தொடர்ந்தது. வந்தவர்களில் ஆண்களே மிகுதி. 1930களின் தொடக்கத்தில்கூட மலாயாவில் இந்தியப் பெண்கள் ஆண்களில் ஏறக்குறைய பாதிதான். கடல்கடந்து போகும்போது பெண்ணை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் சொன்னது, கங்காணி காலத்தில் மக்கள்தொகைக் கணக்காகவே விடிந்தது.

தோட்டத் தொழிலாளியின் இந்த முதல் பிரிவை எழுதியவர்களில் கா. பெருமாள் முக்கியமானவர், அவருடைய ‘துயரப் பாதை’ தோட்ட வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்த நாவல். அகிலன் மலேசியாவுக்கு வந்து பார்த்துவிட்டு ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார்; அது 1977இல் வெளிவந்தது. விருந்தாளியாக வந்தவரின் பரிவு அதில் உண்டு. ஆனால் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் விடியலுக்கு முன் நின்றவனின் எரிச்சலும், கடன் தீராமல் ஊருக்குக் கடிதம் எழுதக் கூச்சப்பட்டவனின் தயக்கமும் உள்ளூர் எழுத்திலேயே கூடுதலாகக் கிடைக்கின்றன.

இந்தப் பிரிவை உயர்ந்த கலையாக்கியவர் தோட்டத்துக்காரர் அல்லர், கடைக்காரர். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த ப. சிங்காரம் 1938இல் இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்குப் போனார். போர் முடிந்து 1946இல் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் நாற்பதாண்டு வேலை பார்த்தார். அவர் எழுதியவை இரண்டே நாவல்கள். ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் பரிசு பெற்று 1959இல் நூலானது. ‘புயலிலே ஒரு தோணி’ எழுதி முடித்துப் பல ஆண்டுகள் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து, 1972இல் வெளிவந்தது.

‘கடலுக்கு அப்பால்’ நாவலின் செல்லையா பினாங்கில் வட்டிக்கடை ஆள். முதலாளியின் மகள் மரகதத்தை அவன் விரும்புகிறான், அவளும் விரும்புகிறாள். போர் வருகிறது, செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான், திரும்பி வருகிறான். முதலாளிக்கு அவன்மேல் வெறுப்பு ஒன்றுமில்லை. ஆனால் துப்பாக்கி பிடித்தவன் பெட்டியடியில் உட்கார லாயக்கில்லை என்பது அவர் கணக்கு. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக அடுக்கிய தொழில் அது. மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் போய்த் திரும்பும் ஒழுங்கு. மாப்பிள்ளை என்பதும் அந்தப் பேரேட்டில் ஒரு பற்றுவரவு. சாதியும் பணமும் குறுக்கே வந்து காதலைக் கெடுப்பது எல்லா ஊர்க் கதையும்தான். சிங்காரத்தில் புதியது, போர் ஒருவனை மாற்றிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகக் காதல் முறிவது. வரலாறு அங்கே பின்னணித் திரையாக நிற்கவில்லை. பெண் கேட்கப் போனவனை வாசலில் மறிக்கிறது.

‘புயலிலே ஒரு தோணி’ இதைவிடப் பெரிய நினைவு நாவல். மேடானிலும் பினாங்கிலும் அலையும் பாண்டியனின் மனத்துக்குள் மதுரைத் தெருக்களும் செட்டிநாட்டுச் சீமையின் சிற்றூர்களும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவன் இழந்தது ஒரு பெண்ணை மட்டும் என்று சொல்ல முடியாது. பெண்கள், ஊர், கடைவீதிப் பேச்சு, பழைய நூல்கள் எல்லாம் ஒரே நினைவோட்டத்தில் வருகின்றன. தமிழில் புலம்பெயர்ந்தவனின் மனம் இவ்வளவு வேகமாகவும் கிண்டலாகவும் எழுதப்பட்டது அதற்கு முன் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டியது, அந்த நினைவோட்டம் முழுக்க ஆணுடையது. மரகதம் எத்தனை அழகாக எழுதப்பட்டாலும், பிரிந்த பிறகு அவள் செல்லையாவை எப்படி நினைத்தாள் என்பது நமக்குத் தெரியாது. செல்லையாவின் துயரம் நாவலாகிறது. மரகதத்தின் துயரம் பிரிவுக் காட்சியோடு முடிந்துவிடுகிறது.

சயாமுக்குப் போனவர்கள்

இரண்டாம் பிரிவு சயாம். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942இலிருந்து 1943 அக்டோபர் வரை போட்ட 415 கிலோமீட்டர் பாதை, அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க் கைதிகளையும் அவர்களைப்போல் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்களையும் உள்ளிழுத்தது. இறந்த கைதிகள் சுமார் 12,000 பேர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைவிடப் பன்மடங்கு. 90,000 வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களில் கணிசமானோர் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள். முதலில் நல்ல சம்பளம், சில மாத வேலை என்று சொல்லி அழைத்தார்கள். ஆள் போதாதபோது, இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி வளைத்துப் பிடித்தார்கள். ஜொகூர்த் தோட்டங்களில் ஏற்றப்பட்டவர்களுக்கு வடக்கே போக இருந்த ரயில் பாதை பெக்கோக்கையும் கிம்மாஸையும் தாண்டிப் போகும் இந்த ஒன்றுதான். கிம்மாஸிலிருந்து கிழக்குக்கரைக்குப் போன பாதையின் தண்டவாளங்களையே பெயர்த்து எடுத்துப்போய்ச் சயாமில் போட்டார்கள். ஆளும் போனான், தண்டவாளமும் போனது.

உலக இலக்கியம் இந்தப் பாதையைப் பலமுறை நடந்திருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் எழுதிய குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய நாவல் 1957இல் திரைப்படமாகி உலகெங்கும் ஓடியது. அதில் தமிழன் கண்ணில் படுவதில்லை. ஆஸ்திரேலியரான ரிச்சர்ட் ஃபிளனகன் 2013இல் எழுதி அடுத்த ஆண்டு புக்கர் பரிசு பெற்ற நாவல், இந்தப் பாதையையும் ஓர் இழந்த காதலையும் பின்னிப் பின்னிச் சொல்வது. முகாமில் சாகும் கைதிகளுக்கு மருத்துவம் பார்க்கும் டாரிகோ எவன்ஸ் தன் மாமாவின் மனைவியான ஆமியை நினைத்துக்கொண்டே வாழ்நாளைக் கழிக்கிறான். பிழைத்தவனின் நினைவு என்பதால் அங்கேயும் பெண் தூரத்திலேயே நிற்கிறாள்.

தமிழில் இந்த வரலாற்றுக்கு நாவல் வர ஐம்பது ஆண்டுகள் ஆயின. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வந்தது. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ 2005இல் வந்தது; அதே ஆண்டில் ‘லங்காட் நதிக்கரை’யில் அவர் ஜப்பானியர் காலத்தையும் அடுத்து வந்த கொந்தளிப்பையும் எழுதினார். கோ. புண்ணியவானின் ‘கையறு’ இந்த வரிசையில் அண்மையது. இவை ஒவ்வொன்றும் ஒரு கடனை அடைக்கின்றன. காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு ஒழுங்காகப் பராமரிக்கப்படும் கல்லறைத் தோட்டம் உண்டு. அங்கே மட்டும் ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள். பெயர் பொறித்த கல் கிடைக்காத தமிழனுக்கு இந்த நாவல்கள்தாம் கல்.

அதனாலேயே இவற்றில் ஆவணத்தின் எடை அதிகம். காலரா, மழைக்காலச் சேறு, அத்தாப்புக் கொட்டகை, மூங்கில் பிளாச்சுப் படுக்கை, அழுகும் கால்புண் எல்லாம் விரிவாக வருகின்றன. காதல் என்னும் இழை பெரும்பாலும் இந்தத் துன்பத்துக்கு இடையே சற்று மூச்சுவிடும் இடமாக அமைகிறது. அதைக் குறை சொல்ல முடியாது. சாட்சி சொல்ல வேண்டிய அவசரம் அந்த எழுத்தாளர்களுக்கு இருந்தது. ஆனால் அந்த அவசரம் இன்னொரு சாட்சியை விட்டுவிட்டது. புருஷன் சயாமுக்குப் போன பிறகு தோட்டத்தில் தனியாக மரவள்ளிக்கிழங்கு நட்டு, ரேஷன் அரிசிக்கு நின்று, பிள்ளையைக் காப்பாற்றியவளின் மூன்றாண்டு. ஒருவன் செத்தான் என்று யாரும் வந்து சொல்லாத நிலையில், அவள் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா? இன்னொருவனோடு வாழத் தொடங்கிய பிறகு போனவன் எலும்பும் தோலுமாக வந்து நின்றால்? சயாம் தந்த மிகக் கடுமையான காதல் கதைகள் இவைதான். தோட்டங்களில் மூத்தவர்கள் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்ட கதைகளும் இவைதான். நாவலில் இவை துணைக்கதையாக வந்து போகின்றன.

பட்டாளத்துக்குப் போனவளும் உண்டு

சயாமுக்கு ஆள் எடுத்த அதே ஆண்டில் இந்திய தேசிய ராணுவமும் ஆள் எடுத்தது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தது. அதில் தோட்டத்துப் பெண்கள் கணிசமாகச் சேர்ந்தார்கள். ஜானகி ஆதி நாகப்பன், ரசம்மா பூபாலன் போன்றவர்கள் பிற்காலத்தில் மலேசியப் பொதுவாழ்விலும் அறியப்பட்டார்கள். ரெங்கசாமியின் ‘இமையத் தியாகம்’ (2006) இந்த ராணுவத்தின் வரலாற்றை எழுதியது.

இங்கேதான் பழைய பாலையின் ஒழுங்கு முறிகிறது. முதல் முறையாகப் பெண் போகிறாள், ஒருவன் இருக்கிறான். பால்வாளியும் கத்தியும் பிடித்த கை துப்பாக்கி பிடித்து பர்மா வரை போய், தோற்ற படையோடு திரும்பி வந்து, மறுபடியும் அதே பெரட்டில் நிற்க வேண்டியிருந்தது. செல்லையாவுக்கு நேர்ந்தது இந்தப் பெண்களுக்கு இன்னும் கடுமையாக நேர்ந்திருக்கும். பட்டாளத்துக்குப் போய்வந்தவளை யார் கட்டுவார்கள்? வீரவரலாறாக எழுதும்போது இந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போகிறது. மரகதமே படைக்குப் போய்த் திரும்பியிருந்தால் என்ற ஒரு நாவலை நம்மில் யாரும் இன்னும் எழுதவில்லை.

சிவப்பு அட்டை

போருக்குப் பின் 1948 முதல் 1960 வரை அவசரகாலம். லயங்களைச் சுற்றி முள்வேலி, அளந்து கொடுத்த அரிசி, காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள். ஜொகூர், கடைசிவரை அடங்காத மாநிலங்களில் ஒன்று. சை. பீர்முகம்மதுவின் ‘அக்கினி வளையங்கள்’ இக்காலத்தைத் தொடுகிறது. அடுத்து, வெள்ளையர் விற்றுப்போன தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தடுக்கத்தான் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்.

பிறகு 1968இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாதவனுக்கு வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். நீல அட்டை உள்ளவன் இருக்கலாம். சிவப்பு அட்டைக்காரனுக்கு அனுமதி கிடைக்காவிட்டால் கப்பல்தான். 1969க்குப் பின் சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பியதாகக் கணக்கு. கொண்டுவந்த அதே ‘ரஜூலா’ கப்பல்தான் திருப்பியும் கொண்டுபோனது; 1926இல் ஓடத் தொடங்கிய அது 1970களின் நடுவில் ஓட்டத்தை முடித்தது. ஒரே லயத்தில் அண்ணனுக்கு நீலம், தம்பிக்குச் சிவப்பு. பேசி முடித்த கல்யாணம் அட்டையின் நிறத்தால் நின்றது.

இலங்கை மலையகத்தோடு ஒப்பிட்டால் நம் குறை தெளிவாகும். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. மலையக எழுத்தாளர்கள் அந்தப் பிரிவை விடவில்லை. அட்டன், தலவாக்கலை ரயில் மேடைகளில் கட்டிக்கொண்டு அழுத குடும்பங்களும் பிரிந்த காதலர்களும் அவர்கள் சிறுகதைகளில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். மலேசியாவில் 1969 என்றதும் கலவரம் நினைவுக்கு வருகிறது, கப்பல் வருவதில்லை. சிவப்பு அட்டைப் பிரிவை மையமாக்கிய வரலாற்று நாவல் மிகக் குறைவு.

உள்நாட்டுக்குள்ளேயே நடந்த பிரிவை எழுதியதில் புண்ணியவானின் ‘செலாஞ்சார் அம்பாட்’ தனித்து நிற்கிறது. ஜொகூர் எல்லையை ஒட்டிய பகாங் நிலத்திட்டத்தில் 1980களில் தமிழ்க் குடும்பங்கள் கொத்தடிமைபோல் வைக்கப்பட்ட உண்மைச் சம்பவம் அதன் களம். கங்காணி காலம் முடிந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டான பின்னும் ஆசைகாட்டி ஆள் கொண்டுபோகும் வித்தை சாகவில்லை என்பதை அது சொல்கிறது.

நினைப்பவர் யார்?

போர்க்காலக் கதையை இருந்தவளிடமிருந்தும் சொல்லலாம் என்பதற்கு ஈரானிலிருந்து ஒரு சான்று. சிமின் தானேஷ்வர் 1969இல் எழுதிய ‘சவூஷூன்’, அந்நாட்டில் மிகப் பரவலாகப் படிக்கப்பட்ட நாவல்களில் ஒன்று. இரண்டாம் உலகப்போரில் நேசநாட்டுப் படைகள் ஈரானைப் பிடித்திருந்த காலம், ஷிராஸ் நகரம். அந்நியப் படைக்குத் தானியம் விற்க மறுக்கும் யூசுஃப் கொல்லப்படுகிறான். ஆனால் நாவல் அவன் பின்னால் குதிரையில் போகவில்லை. பிள்ளைகளோடும் அச்சத்தோடும் வீட்டில் இருக்கும் மனைவி ஸரியின் கண்ணிலேயே கடைசிவரை நிற்கிறது. ஆக்கிரமிப்பு என்பது அவளுக்குக் கதவைத் தட்டும் ஓசை, கேட்டு வாங்கிப்போன காதணி, வீட்டுக்குள் புகும் பேரம். அவள் பயம் எப்படித் துணிவாகிறது என்பதே அந்த நாட்டின் அரசியல் வரலாறாகவும் ஆகிவிடுகிறது. நம் ஊரிலும் அதே போர், அதே ஆண்டுகள். நம் நாவல் சயாமுக்கு ரயில் ஏறிவிட்டது.

மலேசியத் தமிழ்ப் பின்புலத்திலிருந்து ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இந்தப் பக்கம் சற்று நகர்ந்திருக்கிறார்கள். கே. எஸ். மணியத்தின் முதல் நாவல் (1981) பாட்டியின் வருகையிலிருந்து குடும்ப நினைவைக் கட்டுகிறது. ராணி மாணிக்கா 2002இல் வெளியிட்ட நாவலில், இலங்கையிலிருந்து பதினான்கு வயதில் மணமாகிக் குவாந்தானுக்கு வரும் லட்சுமி, ஜப்பானியரிடம் மகள் மோகினியைப் பறிகொடுக்கிறாள். தலைமுறை தலைமுறையாகப் பலர் வாய்வழி அந்த இழப்பு சொல்லப்படுகிறது. மிகைகள் இருந்தாலும், நினைவு ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை என்ற அமைப்பு அதன் பலம். தமிழில் ம. நவீனின் ‘பேய்ச்சி’ (2019), 1981இல் லுனாசில் நடந்த நச்சுச் சாராயச் சாவுகளைத் தொட்டு, தாய்மையின் ஆவேசத்தை மையத்தில் வைத்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. க. பாக்கியம், பாவை, ந. மகேசுவரி என்று பெண் படைப்பாளிகள் சிறுகதையில் நிலைத்தார்கள். வரலாற்று நாவலின் பெரிய பரப்பு மட்டும் ஆண்கள் வசமே இருந்துவிட்டது.

இதற்குக் காரணம் எழுத்தாளர்களின் குறை மட்டுமன்று. போனவன் காகிதத்தில் பதிவானான். கங்காணியின் கடன் கணக்கில், வட்டிக்கடைப் பேரேட்டில், படைப் பட்டியலில், முகாம் ஆள்கணக்கில் அவன் பெயர் இருந்தது. வரலாற்றைத் தேடிப்போன நாவலாசிரியன் காகிதத்தைத் தொடர்ந்தான். இருந்தவளுக்குக் காகிதம் இல்லை. அவள் வரலாறு ஒப்பாரியிலும், மாரியம்மன் திருவிழாவில் வைத்த நேர்த்திக்கடனிலும், ஆயாக் கொட்டகைப் பேச்சிலும் இருந்தது. அதைக் கேட்டு எழுத உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கான மனிதர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறார்கள்.

பெக்கோக் போன்ற ஊரில் இந்த வேலைக்கு இன்னும் இடமுண்டு. தோட்டங்கள் செம்பனைக்கு மாறிய பின்னும், பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போன பின்னும், கிம்மாஸ்-ஜொகூர் பாரு பாதை மின்சார இரட்டைத் தண்டவாளமாகிய பின்னும், ஊரில் இருந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். சயாம் கைம்பெண்களின் மகள்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். தாய் எதற்காகக் காத்திருந்தாள், எப்போது காத்திருப்பதை நிறுத்தினாள் என்று சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை அவர்கள்தான். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயருக்கு நேரே என்ன எழுதப்பட்டிருக்கிறது, கோயில் கணக்கில் எந்த ஆண்டில் எந்தப் பெண் தனியாக உபயம் செய்தாள் என்று பார்த்தாலே ஒரு நாவலுக்கான கரு கிடைத்துவிடும்.

சிங்காரமும் ரெங்கசாமியும் சண்முகமும் போனவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். சயாம் பாதையைப் பற்றி நான்காவது, ஐந்தாவது நாவல் வருமானால், அது மறுபடியும் காஞ்சனபுரிக்குப் போக வேண்டியதில்லை. லயத்தில் மிஞ்சியவளின் மூன்றாண்டை மட்டும் எழுதினால் போதும். சங்கத் தலைவிக்கு இருந்த பேச்சுரிமையை மலாயாத் தலைவிக்கும் அது தந்துவிடும்.